துறைமுகத்தடியில் ஈ வளர்த்த வருஷம்

வேலையில்லாதவன் ஈ ஓட்டுவான் என்பது ஊரறிந்த கதை. ஈ வளர்த்துச் சம்பளம் வாங்கினவன் திருகோணமலையில் நான் ஒருவன்தான்.

விருப்பமில்லாத பிள்ளைக்கு விளங்காத பாடத்தைப் படிப்பித்துக் களைத்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்கு நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கடைவாசலில் பாணுக்கு வரிசையில் நின்ற பஞ்சகாலம் அது. ஒரு பல்கலைக்கழகம் பரீட்சார்த்தமாக எங்கள் துறைமுகத்தடியில் ஒரு கிளையைத் திறந்தது. வெள்ளைக்காரக் கடற்படை விட்டுப்போன சாமான் களஞ்சியம் ஒன்றுதான் கட்டடம். படிக்க வந்தவர்கள் இருபத்திரண்டு பேர். தமிழ், சரித்திரம், பூமிசாஸ்திரம் என்று எல்லாரும் கலைப்பிள்ளைகள். ஆனால் எங்கோ ஒரு மேசையைச் சுற்றியிருந்த பெரியவர்கள், கலைப்பிள்ளையும் ஒரு வருஷம் ஆய்வுகூடத்தில் தன் கையால் ஒரு ஆராய்ச்சி செய்தே ஆகவேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டார்கள். விலங்கியல் படித்துவிட்டுப் பள்ளிக்கூடத்தில் சும்மா இருந்த என்னைப் பிடித்து, பிறப்புரிமையியல் படிப்பி என்றார்கள். தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் பிள்ளைக்கு என்ன வருகிறது என்கிற சாஸ்திரம். அதற்கு வாகான பிராணி பழ ஈ. ஒரு மாதத்துக்குள் பேரன் பேத்தி காண்கிற வேறு பிராணி ஏது?

பாடத்துக்கு ஒரு வருஷத் தவணைதான் தந்தார்கள். முடிவில் பெரிய வளாகத்திலிருந்து ஒரு பரிசோதகர் வந்து பிள்ளைகளின் ஆய்வுக் கொப்பிகளைப் பார்ப்பார். ஆராய்ச்சி உண்மையாக நடந்திருக்கிறது என்று அவர் கையெழுத்துப் போட்டால் சரி. போடாவிட்டால் பாடம் ரத்து. பாடம் ரத்தானால் அந்த இருபத்திரண்டு பேரும் இறுதிச் சோதனைக்கு இருக்க ஏலாது. என் வேலையும் போகும். மரியாதைக்காக அதை இரண்டாவதாகச் சொல்கிறேன்.

இனி வருவதில் பாதி பொய் என்று என் மனைவி சொல்லுவா. எந்தப் பாதி என்று அவவுக்கும் தெரியாது.

சுங்கத்தில் பிடிபட்டது

ஈக்கள் கப்பலில் வந்தன. வெளிநாட்டில் படித்துக்கொண்டிருந்த என் நண்பர் ஒருவர், தேயிலை ஏற்ற வந்த கப்பலின் அதிகாரி ஒருவரிடம் இரண்டு போத்தல் கொடுத்துவிட்டார். ஒன்றில் சாதாரணச் சிவப்புக்கண் ஈ. மற்றதில் வெள்ளைக்கண் ஈ. இரண்டிலும் பத்துப் பத்து. கப்பல் சமையல்காரர் நல்ல மனுஷன். வாரம் ஒருக்கால் போத்தலுக்குள் வாழைப்பழத் துண்டு போட்டு, கடதாசியால் வாயை மூடிக் கொண்டுவந்து சேர்த்தார்.

சுங்க அதிகாரி படிவத்தைப் பார்த்தார். "உயிர்ப் பிராணி: இருபது" என்று இருந்தது. போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே கறுப்பாய் முகில் மாதிரிச் சுழன்றது. எண்ணுங்கோ என்றார். எண்ண ஏலாது, பறக்குது என்றேன். ஒரு முந்நூறு வரும் என்று நானே ஒரு மதிப்புச் சொன்னேன். வழியில் பிள்ளை பெற்றிருக்கிறார்கள் என்றும் விளக்கினேன். அவர் படிவத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். அப்படி ஒரு பத்தி அதில் இல்லை. கடைசியில் பேனாவை மூடி வைத்துவிட்டு, மிகவும் அமைதியாகக் கேட்டார்: "மாஸ்டர், இருபது பேர் அங்க ஏறினது சரி. மிச்சம் இருநூற்றி எண்பது பேரும் எந்தத் துறைமுகத்தில ஏறினவை?"

காவல்

ஈயைச் சோடி சேர்ப்பதற்கு ஒரு விதி உண்டு. பெண் ஈ கூட்டிலிருந்து வெளிவந்து எட்டு மணித்தியாலத்துக்குள் அதைப் பிரித்து எடுத்துத் தனிப் போத்தலில் வைத்துவிட வேண்டும். பிந்தினால் அது பக்கத்தில் நிற்கிற எவனோடாவது சேர்ந்துவிடும். பிறகு பிள்ளை யாருடையது என்று நாங்கள் கொப்பியில் எழுத முடியாது.

இதை வைத்திய நண்பர்களிடம் சொல்வது இலகு. பெட்டைகளும் பெடியன்களும் எதிரெதிர் வாங்குப் பலகையில் இருக்கிற கலைவகுப்பில் சொல்லிப் பாருங்கள். நான் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அவர்கள் மேசையைப் பார்த்துக்கொண்டு எழுதினார்கள். முழு அறையிலும் நிமிர்ந்து நின்றவர் ஆய்வுகூட உதவியாளர் செல்லையர் மட்டும்தான். வெள்ளைக்காரன் காலத்தில் இதே களஞ்சியத்தில் கயிறும் சங்கிலியும் கணக்கெடுத்தவர். கட்டடத்தோடு சேர்த்து எங்களுக்குக் கிடைத்தார். அவருக்குப் பெண் பிள்ளைகள் நாலு. நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, போத்தல் துடைத்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "பிறந்து எட்டு மணித்தியாலத்தில காவல் போடவேணுமெண்டால், மாஸ்டர், எங்கட ஒழுங்கைப் பெடியன்கள் எவ்வளவோ மேல்."

ஈ விருந்து

ஈக்கு உணவு காய்ச்ச நாலு சாமான் வேண்டும்: வாழைப்பழம், சீனி, நொதிக்கவைக்க ஈஸ்ற், கட்டியாக்க ஏகார். வாழைப்பழம் கடையில் கிடைத்தது. மற்ற மூன்றும் அந்தக் காலத்தில் கனவு. சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டி போட்டோம். ஈஸ்றுக்குப் பதிலாகக் கள்ளு. கள்ளு வாங்கத் தவறணைக்குப் போகிற பொறுப்பைச் செல்லையர் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒரு போத்தல் வாங்கினால் அரைப் போத்தல் வந்தது. மிச்சம் வெயிலில் ஆவியாகிவிட்டது என்று விஞ்ஞான விளக்கமும் தந்தார்.

ஏகார் பிரச்சினையைத் தீர்த்தவன் நஸீர். மூதூர்ப் பிள்ளை. ஒவ்வொரு நாளும் குடாவைக் கடந்து லோஞ்சில் வந்து படித்தவன். சரித்திரம் அவனுக்குப் பாடம். "சேர், நோன்பு திறக்க எங்கட வீட்டில கடற்பாசி காய்ச்சிறது. நீங்கள் சொல்லுற சாமான் அதுதானே?" என்றான். அதுவேதான். அடுத்த நாள் அவனுடைய உம்மா ஒரு சட்டி நிறையக் காய்ச்சி அனுப்பியிருந்தா. ஆனால் அவவுக்கு அரைகுறையாகச் செய்து பழக்கமில்லை. தேங்காய்ப்பால் விட்டு, ஏலக்காய் தட்டிப் போட்டு, மேலே கசுக்கொட்டையும் தூவியிருந்தா. செல்லையர் ஒரு துண்டை வாயில் போட்டார். பிறகு நான் ஒரு துண்டு. பிறகு வகுப்பு முழுதும். சட்டியைக் கழுவித் திருப்பி அனுப்பும்போது, மிகவும் நல்லாயிருந்தது என்று ஒரு நன்றிக் கடிதமும் வைத்தேன். மறுநாள் நஸீர் உம்மாவின் பதிலோடு வந்தான்: "ஈ எத்தினை பேர் எண்டு சேர் சொல்லட்டாம். அடுத்த முறை அளவாச் செய்து தாறாவாம்."

வகுப்புக்கு வந்த மான்

பழைய ஈச்சாப்பாட்டைக் களஞ்சியத்தின் பின்பக்கம் கொட்டுவோம். பனங்கட்டியும் கள்ளும் வாழைப்பழமும் மூன்று நாள் வெயிலில் கிடந்தால் என்னவாகும் என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் ஊர் மான்கள் தெருவில் கடதாசி பொறுக்கித் தின்று திரிகிறவை. அதில் ஒரு கலைமான் இந்த இடத்தைக் கண்டுபிடித்தது. ஒரு கிழமை ஒழுங்காக வந்தது. எட்டாம் நாள் அது தின்றுவிட்டு நடந்த நடையில் நேர்கோடு இல்லை. சந்தித் தேத்தண்ணிக் கடைக்குள் புகுந்து, கொம்பை மேசையில் சாய்த்துக்கொண்டு நின்றதாம். நான் பார்க்கவில்லை. கடைக்காரர் ஆளனுப்பிச் சொல்லிவிட்டதுதான் எனக்குத் தெரியும்: "உங்கட வகுப்புப் பிள்ளை ஒண்டு இங்க வந்து நிக்குது, கூட்டிக்கொண்டு போங்கோ."

வாப்பாவின் சீதனம்

இப்போது ஆராய்ச்சிக்கு வருவோம். கவனமாகக் கேளுங்கள், பின்னால் இதுதான் எங்கள் எல்லாரையும் மாட்டிவிட்டது.

ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு போத்தல். முதலாம் போத்தலில் தாய் சிவப்புக்கண், தகப்பன் வெள்ளைக்கண். இரண்டாம் போத்தலில் மறுவளமாக, தாய் வெள்ளைக்கண், தகப்பன் சிவப்புக்கண். பிள்ளைகள் பிறந்தன. முதலாம் போத்தலில் எல்லாப் பிள்ளைக்கும் சிவப்புக்கண். இரண்டாம் போத்தலில் பெண் பிள்ளைகளுக்கெல்லாம் சிவப்பு, ஆண் பிள்ளைகளுக்கெல்லாம் வெள்ளை. ஏன்? நிறமூர்த்தம் என்கிற குரோமோசோமைப் படம் கீறி மூன்று நாள் விளங்கப்படுத்தினேன். கரும்பலகை நிரம்பியது, முகங்கள் வெறுமையாகவே இருந்தன.

மூன்றாம் நாள் நஸீர் எழும்பினான். "சேர், வாப்பாட்டக் கண்ணுக்கெண்டு ஒரு சாமான்தான் இருக்கு. அது மகளுக்கு மட்டும்தான் போகும், மகனுக்குப் போகாது. அப்பிடித்தானே சொல்லுறீங்கள்?" ஓம் என்றேன். அவன் வகுப்பைப் பார்த்துத் திரும்பினான். எங்கள் கரைப் பக்கத்தில் கலியாணம் முடித்தால் வீடு மகளுக்கு, மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குப் போவது. அதைத் தெரியாதவர் அந்த வகுப்பில் ஒருவரும் இல்லை. மூன்று நாள் நான் பட்ட பாட்டை அவன் இரண்டு வரியில் முடித்தான்: "வாப்பா தன்ர கண்ணை மகளுக்குச் சீதனமாக் குடுத்திட்டார். மகனுக்கு உம்மா குடுத்ததுதான் மிச்சம்."

புனிதவதியின் கேள்வி

அடுத்த படி லேசு என்று நினைத்தேன். முதலாம் போத்தலில் பிறந்த ஆணையும் பெண்ணையும் எடுத்துப் புதுப் போத்தலில் சோடி சேர்க்கவேண்டும். பேரப்பிள்ளைகளில் மூன்று சிவப்புக்கு ஒரு வெள்ளை வரும். அந்த "மூன்றுக்கு ஒன்று" என்பதைக் கரும்பலகையில் பெரிதாக எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டேன். விடையை முதலே சொல்லுகிற வாத்தியார் எத்தனை முட்டாள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

புனிதவதி கையை உயர்த்தினா. திரியாய் என்கிற ஊர்ப் பிள்ளை. அதிகம் கதைக்காது. தகப்பன் கலியாணம் பேசுகிறவர். சாதகக் கட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கரையோர ஊரெல்லாம் நடக்கிற மனுஷன். "சேர், ஒரே போத்தலில பிறந்ததெண்டால் அது அண்ணனும் தங்கச்சியுமெல்லோ?" என்று கேட்டா. வகுப்பு மேசையைப் பார்த்தது. ஓம் பிள்ளை, ஆனால் ஈக்கு அந்த முறையெல்லாம் தெரியாது என்று சொல்லிச் சிரித்தேன். புனிதவதி சிரிக்கவில்லை. கதிரையில் இருந்தபடியே, தனக்குத்தானே சொல்லுவது மாதிரிச் சொன்னா: "ஈக்குத் தெரியாதுதான் சேர். ஆனால் போத்தலுக்க விடுறது நாங்களெல்லோ."

மயக்கம்

ஈயை எண்ணுவதற்கு ஈதர் காட்டி மயக்கவேண்டும். ஒரு நாள் கச்சான் காற்று பலமாக அடிக்கிறதென்று யன்னல்களைப் பூட்டிவிட்டு எண்ணிக்கொண்டிருந்தோம். ஒரு பெடியனின் கை தட்டி ஈதர்ப் போத்தல் கவிழ்ந்தது. அதே நேரம் எங்கள் கிளையின் பொறுப்பதிகாரி, ஆய்வுகூடத்தில் கள்ளு மணக்கிறது என்று விசாரிக்க வந்தார். போத்தல் கவிழ்ந்த மேசையடியில் கிடந்த கதிரையில் அமர்ந்து, "இது உயர்கல்வி நிறுவனம்" என்று தொடங்கினார். வசனம் முடியவில்லை. தலை மார்பில் சாய்ந்தது. பிள்ளைகள் மரியாதை தெரிந்தவர்கள், ஒருவரும் எழுப்பவில்லை. செல்லையர் சத்தமில்லாமல் யன்னலைத் திறந்தார். கால் மணித்தியாலத்தில் அதிகாரி கண்விழித்தார். சுற்றிவர இருபத்திரண்டு பேர் கைகட்டி நிற்பதைக் கண்டு, எழும்பிக் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "ஆகையால் இனிமேல் எல்லாரும் கவனமா இருங்கோ."

மரியாதைக் கணக்கு

பரிசோதகர் வருவதற்கு இரண்டு நாள் இருக்கக் கொப்பிகளைச் சேர்த்தேன். திறந்த முதலாவது கொப்பி நஸீருடையது. சிவப்பு அறுபத்து மூன்று, வெள்ளை இருபத்தொன்று. அடுத்தது எழுபத்தைந்தும் இருபத்தைந்தும். அடுத்தது நூற்றி இருபதும் நாற்பதும். இப்படி இருபத்தொரு கொப்பியிலும், இழை பிசகாமல் மூன்றுக்கு ஒன்று. உலகத்தில் எந்த ஈயும் இவ்வளவு ஒழுங்காகப் பிள்ளை பெற்றதில்லை.

நஸீரைக் கூப்பிட்டு, உண்மையாக எண்ணினீரா என்று கேட்டேன். "எண்ணினனாங்கள் சேர்" என்றான். அப்ப இந்தக் கணக்கு எப்படி வந்தது? கொஞ்சம் கூடக்குறைய வந்தது, திருத்தினோம் என்றான். களவு செய்தவன் முகம் அல்ல அது. பெரியவருக்குக் கதிரையை விட்டு எழும்பினவனின் முகம். "நீங்கள் பலகையில எழுதிக் கோடும் போட்டிருக்கேக்குள்ள, ஈ வேற மாதிரிச் சொன்னால், நாங்கள் ஈட பக்கம் நிக்கிறதோ சேர்?"

இருபத்திரண்டாவது கொப்பி

அது புனிதவதியுடையது. சிவப்பு அறுபத்து நாலு, வெள்ளை அறுபத்தொன்று. பாதிக்குப் பாதி. இருபத்தொரு பிள்ளை மூன்றுக்கு ஒன்று என்று சொல்ல, ஒன்று மட்டும் பாதிக்குப் பாதி என்றால், பரிசோதகர் தோண்டத் தொடங்குவார். தோண்டினால் எல்லாம் வெளியில் வரும்.

இனி நான் சொல்வதை என் மனைவியே உண்மை என்பா, ஏனென்றால் இது எனக்கு அவமானம். இருபத்தொரு கொப்பியைத் திருத்தி எழுதப் பண்ணவேண்டிய நான், அந்த ஒரு கொப்பியைத் திருத்தச் சொன்னேன். "பிள்ளை, எங்கையோ பிழை விட்டிட்டீர். இதை மூன்றுக்கு ஒன்றாக்கி எழுதித் தாரும். உம்மால மற்றவையும் சோதனைக்கு இருக்க ஏலாமப் போகும்" என்றேன். புனிதவதி கொப்பியை வாங்கவில்லை. மூன்று தரம் எண்ணினனான் என்றா. அப்ப என்ன செய்தீர், ஏன் இப்படி வந்தது என்று கேட்டேன். சொன்னால் நீங்கள் சிரிப்பியள் என்றா. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சொன்னா: "வேணுமெண்டால் என்னைப் பெயிலாக்குங்கோ சேர். கண்டதை மாத்தி எழுத என்னால ஏலாது."

பரிசோதகர்

காலை றெயிலில் வந்து இறங்கினார். மெலிந்த மனுஷன். சட்டைப் பையில் சொந்தப் பூதக்கண்ணாடி. தேத்தண்ணி வேண்டாம் என்றார். நீள மேசையில் இருபத்திரண்டு கொப்பியையும் வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நடந்தார். பிள்ளைகள் சுவரோரம் நின்றார்கள். நஸீருடைய கொப்பியடியில் நின்று கேட்டார்: "தம்பி, ஒரு ஈகூடச் சாகேல்லையோ?" இல்லை சேர், நல்லாப் பார்த்தனாங்கள் என்றான் நஸீர். "இருபத்தொரு போத்தலிலும் ஒண்டும் சாகேல்லை. ஆசுப்பத்திரியிலகூட இப்பிடி நடக்கிறேல்லை" என்றுவிட்டு அங்கால் போனார்.

கடைசிக் கொப்பியடியில் நின்றவர் நகரவில்லை. அதில் நான் கவனிக்காத ஒரு சின்ன வரி இருந்தது: செத்தது நாலு, சாப்பாட்டில் ஒட்டிக் கண்நிறம் தெரியாமல் போனது இரண்டு, மூடி திறக்கப் பறந்தது ஒன்று. "இது ஆருடையது?" புனிதவதி முன்னுக்கு வந்தா. எப்படிச் சோடி சேர்த்தனீர் என்று கேட்டார். அவ என்னைப் பார்த்தா. பிறகு தரையைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினா.

"முதலாம் போத்தல் பொம்பிளைப்பிள்ளையளை வெளிய வந்த உடன பிரிச்சு வைச்சனான் சேர். அதுகளை அதே போத்தல் அண்ணன்மாருக்குக் குடுக்க எனக்கு மனம் வரேல்லை. இந்தப் பிள்ளையளின்ர தகப்பன் வெள்ளைக்கண். அவரின்ர தங்கச்சியைத்தான் இரண்டாம் போத்தலில கட்டிக் குடுத்திருக்கு. அப்ப இரண்டாம் போத்தல் பெடியன் இந்தப் பிள்ளைக்கு மாமி மகன். தாய்ப் பக்கத்தாலயும் பார்த்தனான், அதுவும் மச்சான் முறைதான். இரண்டு போத்தலும் மாத்துக் கலியாணம் சேர். அதால மச்சானுக்கும் மச்சாளுக்கும் செய்து வைச்சனான்."

ஒருவரும் சிரிக்கவில்லை. பரிசோதகர் பென்சிலை எடுத்துக் கொப்பியின் பின் மட்டையில் கீறினார். பெண் சிவப்பு, ஆனால் தகப்பன் கொடுத்த வெள்ளை உள்ளே இருக்கிறது. மாப்பிள்ளை வெள்ளை. கோட்டுக்கு மேல் கோடாகக் கீறிக்கொண்டு வந்தார். கடைசியில் பாதிக்குப் பாதி என்று எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். பிறகு என்னைப் பார்த்தார். "இவ இப்பிடிச் செய்தது உங்களுக்குத் தெரியுமோ?" தெரியாது என்றேன். இந்தக் கொப்பியை மாற்றச் சொன்னதையும், மற்றக் கொப்பிகளைத் திருத்த விட்டதையும் சொன்னேன். எப்படியும் பிடிபடப் போகிறோம் என்று தெரிந்த பிறகு உண்மை பேசுவது எனக்கு எப்போதும் இலகு.

அவர் சத்தம் போடவில்லை. மற்ற இருபத்தொரு பேரையும் தங்கள் தங்கள் போத்தலைக் கொண்டுவந்து தன் கண்ணுக்கு முன்னால் எண்ணச் சொன்னார். மத்தியானச் சாப்பாட்டையும் மறந்து எண்ணினார்கள். நஸீருக்குச் சிவப்பு ஐம்பத்தெட்டு, வெள்ளை இருபத்து மூன்று, செத்தது ஐந்து. எழுதும்போது என்னைத் திட்டுகிற மாதிரி இருந்ததாம் அவனுக்கு. ஒருவருக்கும் இழை பிசகாமல் வரவில்லை. எல்லாருக்கும் கிட்டத்தட்ட வந்தது. பழைய கணக்கைக் கிழிக்கவிடாமல், குறுக்கே ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் புதுக்கணக்கை எழுதச் சொன்னார். பிறகு பேனாவைத் திறந்து, இருபத்திரண்டு கொப்பியிலும் கையெழுத்துப் போட்டார். மூடியைத் திருகியபடி என்னிடம் சொன்னார்: "அடுத்த வருஷம் ஈயை நம்பப் படிப்பியுங்கோ. உங்களை நம்பினது காணும்."

வாசலில்

பின்னேர வெயிலில் அவரை வாசல்வரைக்கும் கூட்டிக்கொண்டு போனோம். செல்லையர் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். நஸீர் கடைசி லோஞ்சுக்கு ஓடாமல், உம்மா அனுப்பின கடற்பாசிப் பொட்டலத்தோடு நின்றான். காலையில் தேத்தண்ணி வேண்டாம் என்றவர் அதை வாங்கி, அங்கேயே பிரித்து ஒரு துண்டு தின்றார். புனிதவதியிடம் தகப்பன் என்ன செய்கிறார் என்று கேட்டார். கலியாணம் பேசுறவர் சேர் என்றா அவ. அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் கடதாசியை எடுத்து, விலாசத்தை எழுதி அவவிடம் கொடுத்தார்: "எனக்கும் ஒரு மகள் இருக்கிறா பிள்ளை. அப்பாட்டச் சொல்லும், சாதகம் அனுப்பிறன். பொருத்தம் பார்க்கிறது அவராயிருக்கட்டும், கொப்பியில எழுதுறது நீராயிருக்கவேணும்."

அந்தப் பாடம் தப்பியது புனிதவதி ஈக்களுக்குப் பார்த்த ஒழுக்கத்தால்தான். படிப்பித்தவனின் ஒழுக்கத்தைப் பற்றிப் பரிசோதகர் தன் அறிக்கையில் ஒரு வரியும் எழுதவில்லை. அந்த நன்றிக்கடனுக்காகத்தான் நான் இன்றைக்கும் வாழைப்பழத்தில் மொய்க்கிற ஈயைக் கை ஓங்கி அடிப்பதில்லை.